தட்டு வரிசை

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் சாப்பிட உட்காருவதற்கு வெகு நேரம் முன்பே அவர்களுடைய தட்டுகள் உட்கார்ந்துவிடும். காலையில் வகுப்புக்குள் நுழையுமுன் சத்துணவுக் கூடத்துத் தாழ்வாரத்தில் அவரவர் தட்டை வைத்துவிட்டுப் போக வேண்டும். மதிய மணி அடித்ததும், யாருடைய தட்டு எங்கே இருக்கிறதோ அங்கே அவர் உட்கார வேண்டும். இடத்துக்காக அடிதடி நடக்காமலிருக்க அம்மா ஏற்படுத்திய முறை இது. அம்மா அந்தக் கூடத்தின் அமைப்பாளர். அரிசி பருப்பு வாங்கி வைப்பதும், சமையல்கார அத்தைக்கு அளந்து கொடுப்பதும், சோறு வெந்ததும் முதல் கவளத்தை வாயிலிட்டுப் பார்த்து, பிறகே பிள்ளைகளுக்குப் போடச் சொல்வதும் அவள் வேலை.

ஊர்ப் பிள்ளைகளின் தட்டுகள் தாழ்வாரத்தின் கிணற்றுப் பக்கத்திலும் காலனிப் பிள்ளைகளின் தட்டுகள் வேலிப் பக்கத்திலும் வைக்கப்படும். அப்படி வைக்கும்படி பள்ளியில் யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை, வீட்டில் கற்றுத்தந்திருந்தார்கள். ஆனால் மதியம் வந்து பார்த்தால் வரிசை கலைந்திருக்கும். ஊர்த் தட்டு ஒன்று, அதையடுத்துக் காலனித் தட்டு ஒன்று, மறுபடியும் ஊர்த் தட்டு என்று தாழ்வாரத்தின் கடைசி வரைக்கும் போகும். இதைக் கேட்க வந்த தாய்மார்களிடம் அம்மா, தாழ்வாரம் பெருக்குவதற்காகத் தட்டுகளை எடுத்தோம், திருப்பி வைக்கும்போது மாறிப்போயிற்று என்பாள். தாழ்வாரம் நாள்தோறும் பெருக்கப்பட்டதால் தட்டுகளும் நாள்தோறும் மாறின. என்னுடைய எவர்சில்வர் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் அஞ்சலையின் தட்டு இருக்கும். அதன் விளிம்பில் பீங்கான் பூச்சு உதிர்ந்து கறுத்த தகரம் தெரியும். அவள் என் வகுப்புதான். வேகமாகச் சாப்பிடுவாள், சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டாள்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் சாலையில், கல்வராயன் மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த அந்த வாரத்தில் நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். முதல் நாள் விடியும்போதே கோடாரிச் சத்தம் கேட்டது. ஊருக்கு வெளியே, கள்ளக்குறிச்சிப் பக்கம், மதகை ஒட்டி நின்ற பெரிய புளியமரம் சாலைக்குக் குறுக்கே சாய்க்கப்பட்டது. அது விழுந்தபோது எங்கள் வீட்டு அடுக்குப்பானைகள் அதிர்ந்தன. சாலையின் இரு பக்கமும் தண்ணீர் கட்டிய கரும்பு வயல். கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். ஆகவே அந்த ஒரு மரம் போதுமானதாக இருந்தது. கள்ளக்குறிச்சிப் பேருந்து வரவில்லை. மலைக்கு ஜீப்பு ஏறவில்லை.

மரத்தை வெட்டியவர்களில் என் மாமாவும் ஒருவர். அம்மாவின் தம்பி. அம்மாவுக்குப் பிறந்த ஊரும் வாழ்க்கைப்பட்ட ஊரும் ஒன்றே ஆகையால் மாமாவின் வீடு எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் இருந்தது. தாய் இல்லாமல் போனபின் மாமாவை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அம்மா. அவர் பத்தாவது தேறியவர். எழுதிப் போட்ட வேலை எதுவும் வரவில்லை. வேறு யாருக்கோ வந்த வேலைகளின் விவரம் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. தனக்கு வயது கடந்துவிட்டது, தன் மகனுக்காவது கிடைக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். இதில் பொய் எதுவும் இல்லை என்பதை இன்று என்னால் சொல்ல முடியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா ஒரு வாரமாக வீட்டில் சாப்பிடவில்லை, மரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான்.

அப்பா ஊரில் இல்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரவை தொடங்குமுன் செய்யும் பழுதுபார்ப்பு வேலைக்குப் போனவர், சாலை திறக்கும் வரை வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். தலைமையாசிரியரும் மற்றொரு ஆசிரியரும் கள்ளக்குறிச்சியிலிருந்து வருபவர்கள். அவர்கள் வராததால் பாடம் நின்றுவிட்டது. ஆனால் அந்நாளில் சத்துணவுக்கு விடுமுறை என்பதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகூட உலை கொதிக்கும். ஆகவே அம்மா தினமும் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்; நானும் போனேன். வகுப்பறைகள் பூட்டிக் கிடக்க, மதிய மணி மட்டும் ஒழுங்காக அடித்தது.

பாடம் இல்லை என்றதும் ஊர்ப் பிள்ளைகள் வருவது நின்றுபோயிற்று. அவர்களுக்கு வீட்டில் சோறு இருந்தது. காலனிப் பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சீக்கிரம் வந்தார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் களை வெட்டக் கூப்பிட வேண்டியவர்கள் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். வேறு ஊருக்குப் போய்க் கூலி வேலை தேடவும் காலனியில் அச்சம். எங்கேயோ ஓர் ஊரில் காலனிக் கூரைகள் எரிந்தன என்று ஒரு பேச்சு வந்து, பெயர் தெரியாத அந்த ஊர் நாளுக்கு நாள் எங்களுக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. அஞ்சலை முதல் நாள் மதியத்துக்கு வந்தாள். மூன்றாம் நாள் நாங்கள் சாவி கொண்டுபோகும்போதே தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

அந்த மாதத்து அரிசி கள்ளக்குறிச்சியிலிருந்து வர வேண்டிய நேரம் அது. வரவில்லை. அரிசி இருந்த பீப்பாயின் மூடியை அம்மா அடிக்கடி திறந்து பார்க்கத் தொடங்கினாள். அளப்பதற்காகத் திறந்தால் கையில் படி இருக்கும். இப்போது வெறுங்கையோடு திறந்தாள். ஒருமுறை கையை உள்ளே விட்டு அடியைத் தடவியபோது தகரத்தில் நகம் உரசும் ஓசை கேட்டது.  எங்கள் வீட்டில் அரிசி இருந்தது. ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் பயந்தேன்.

மலையிலிருந்து சாமை கொண்டுவந்த பெண்கள் சிலர் கள்ளக்குறிச்சிச் சந்தைக்குப் போக முடியாமல் எங்கள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அம்மா அவர்களிடம் சாமை வாங்கி அரிசியோடு கலந்து பொங்கச் செய்தாள். விதிகளில் சாமைக்கு இடமில்லை. ஆனால் விதிகளைப் பார்க்க வேண்டிய அதிகாரியும் மரத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். அதைச் சமையல்கார அத்தையே சொன்னாள்.

"யாரு வந்து பாக்கப் போறாங்க? ரெண்டு நாளு அடுப்ப அணைச்சா இன்னாக்கா? கேட்டா மறியலுன்னு சொல்லிட்டுப் போ."

"காலையில வந்து வாசல்ல நிக்குதே, அது இன்னா அதிகாரியா?" என்றாள் அம்மா.  அத்தை ஊதுகுழலை எடுத்து, எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதினாள்.

மரத்துக்கு அந்தப் பக்கத்து ஊரிலும் ஒரு சத்துணவுக் கூடம் இருந்தது. அங்கே அமைப்பாளராக இருந்த பெண் அம்மாவுக்குப் பழக்கமானவர். சமையல்கார அத்தையின் கணவர் வரப்பு வழியாகச் சேற்றில் இறங்கிப் போய் அவரிடம் கேட்டு வந்தார். வெறுங்கையோடு அப்படிப் போய் வரலாம், மூட்டையோடு முடியாது. அங்கே அரிசி கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது; நாளைக் காலையில் இரண்டு மூட்டை கட்டை வண்டியில் மரம் வரைக்கும் வரும்; மரத்தைத் தாண்டுவது உங்கள் பொறுப்பு என்று பதில் வந்தது. அம்மா பீப்பாயை மூடினாள். சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து, மதகை நோக்கி நடந்தாள்.

மரத்தை அதுவரை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. இலைகள் வாடிச் சுருண்டிருந்தன. காய்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போலத் தொங்கின. அடிமரத்தின் மேல் வரிசையாக ஆட்கள். முதல் நாள் இருந்த முழக்கம் இப்போது இல்லை. இரண்டு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் மரத்திலேயே படுத்திருந்தார். ரேடியோச் செய்தியில் பல ஊர்களின் பெயர் வந்தும் எங்கள் ஊரின் பெயர் வரவில்லை என்பதில் அவர்களுக்கு வருத்தம் இருந்தது. கோடாரிகள் மதகின் மேல் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. மாமா எங்களைக் கண்டதும் குதித்து இறங்கினார்.

"வூட்ல யாருக்கும் ஒன்னும் இல்லியேக்கா?"

"ஒன்னும் இல்ல. நாளைக்கிக் காலையில ரெண்டு மூட்ட அரிசி வருதுடா, வண்டியில. இப்பிடி வாங்கி அப்பிடி வுட்டுடுங்க."

மாமா கழுத்தைச் சொறிந்தார். "மூட்ட வராதுக்கா. யாரு மூட்டையா இருந்தாலும் வராது. நேத்து மளிகக்கடக்காரரு தலமேல தூக்கினு வந்தாரு, அதையே திருப்பிட்டாங்க. உனக்கு மட்டும் வுட்டா ஊரே கேக்கும்."

"எனக்காடா கேக்குறேன்? பள்ளிக்கூடத்து அரிசி. புள்ளைங்க சோறு."

மரத்தின் மேல் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்களில் கட்டைக்குரல்காரர் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "எந்தப் புள்ளைங்க?"

யாரோ சிரித்தார்கள். அம்மா அவரைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தாள். ஒரு பதிலுக்காகக் காத்திருக்கும்போது பார்க்கிற பார்வை அது. கணக்குப் பாடத்தில் ஆசிரியர் என்னை அப்படிப் பார்ப்பதுண்டு. மாமா மரப்பட்டையில் நகத்தைக் கொடுத்து ஒரு சில்லைப் பெயர்த்தார். அதைக் கீழே போட்டார். மற்றொரு சில்லைப் பெயர்த்தார். அம்மா திரும்பி நடந்தாள்.

திரும்பும்போது அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வலித்தன. சொன்னால் விட்டுவிடுவாளோ என்று நான் சொல்லவில்லை. தெருமுனை வந்ததும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் முதல் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தாள். நாளை பள்ளிக்கூடத்தில் வெல்லம் போட்டுப் பொங்கல். பிள்ளைகளைத் தட்டோடு காலையிலேயே அனுப்பிவிடுங்கள் என்றாள். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னாள். இப்படியே தெரு முழுவதும். "இன்னாக்கா விசேஷம்?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "விசேஷம் இருந்தாத்தான் பொங்கணுமா?" என்று கேட்டாள். மாமாவின் மனைவி மட்டும் விடவில்லை.

"அரிசியே இல்லன்னு ஊரே பேசிக்கினு இருக்குது. பொங்கலு எதுல வெப்பீங்க, அண்ணி?"

"வெல்லம் இருக்குது இல்ல," என்றாள் அம்மா. "உம் புள்ளைய அனுப்பு."

வெல்லம் உண்மையிலேயே இருந்தது. எங்கள் வீட்டுப் பானையில் இருந்தது. ஆனால் பொங்கலுக்கு வெல்லம் மட்டும் போதாது என்பது எனக்குக்கூடத் தெரியும். அம்மா வெளிப்படையாகப் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அவள் எங்கே மாட்டிக்கொள்வாளோ என்ற கவலையில் ஒவ்வொரு வாசலிலும் நான் அவளுடைய சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

பிறகு காலனிக்குப் போனாள். அங்கே அவள் பொங்கலைப் பற்றிப் பேசவே இல்லை. அஞ்சலையின் அம்மாவைத் தனியே அழைத்து வெகு நேரம் தாழ்ந்த குரலில் பேசினாள். நானும் அஞ்சலையும் சற்றுத் தள்ளி நின்றோம். அவளுடைய அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்; தலையசைக்கவில்லை. கடைசியில் மரம் இருந்த திசையைப் பார்த்தபடி, "எதுனா ஆச்சினா இன்னாம்மா பண்ணுவோம் நாங்க?" என்றாள்.

"எம் பொண்ணு முன்னாடி போவா," என்றாள் அம்மா.

எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கே போகிறோம் என்று தெரியாது. ஆனால் நான்தான் முன்னால். அஞ்சலையை இடித்து, கேட்டாயா என்பதுபோல் பார்த்தேன். அவள் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளித் தாழ்வாரம் நிறைந்துவிட்டது. வீட்டில் அடைந்து கிடந்து சலித்த பிள்ளைகள், வெல்லம் என்றதும் முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்திருந்தார்கள். வழக்கம்போல் ஊர்த் தட்டுகள் கிணற்றுப் பக்கமும் காலனித் தட்டுகள் வேலிப் பக்கமும் வைக்கப்பட்டன. அம்மா வந்தாள். பெருக்குமாற்றை எடுக்கவில்லை. எங்கள் கண் முன்னாலேயே குனிந்து தட்டுகளை எடுத்து மாற்றி வைக்கத் தொடங்கினாள். நாங்கள் வகுப்பில் இருக்கும்போது தினமும் நடந்த அந்தக் காரியத்தை அன்றுதான் நேரில் பார்த்தோம். ஒவ்வொரு தட்டையும் கையில் ஏந்தி, யாருடையது என்று பார்த்து, யோசித்து வைத்தாள். என் தட்டு முதலில். அதையடுத்து அஞ்சலையின் தட்டு. மூன்றாவதாக மாமா மகனின் தட்டு. அவன் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தான், தட்டு அவன் மார்பை மறைக்கும். கட்டைக்குரல்காரரின் பேத்தியின் தட்டு எங்கே வைக்கப்பட்டது என்பதையும் நான் பார்த்தேன். அதற்கு இரு பக்கமும் காலனித் தட்டுகள்.

"அவங்கவங்க தட்ட எடுத்துக்கினு அவங்கவங்க எடத்துலயே நில்லுங்க. வரிசைய வுட்டு யாரும் நகரக் கூடாது," என்றாள். "இப்ப போயி அரிசி கொண்டாரோம். கொண்டாந்தாத்தான் பொங்கலு."

பாதிப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாக இருந்தது. காலனிப் பிள்ளைகளில் பெரியவர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சமையல்கார அத்தை படியோடு முன்பே வரப்பு வழியாக அந்தப் பக்கம் போயிருந்தாள். நாங்கள் சாலையில் இறங்கினோம். வானம் மூடியிருந்தது, மலை தெரியவில்லை. எனக்கு முன்னால் யாரும் இல்லாத சாலை அவ்வளவு அகலமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பெருமை பாதி வழியிலேயே போய்விட்டது. அம்மா என் பக்கத்தில் வருவாள் என்றிருந்தேன். அவள் வரிசையின் நடுவில் நடந்துவந்தாள். திரும்பிப் பார்த்தால் அஞ்சலையின் முகம்தான் தெரிந்தது. அவள் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

மரத்தின் மேலிருந்தவர்கள் எங்களைக் கண்டு எழுந்து நின்றார்கள். பிறகு, பிள்ளைகள்தானே என்று உட்கார்ந்தார்கள். "இன்னாடா, மந்திரி வராரா? தட்டத் தூக்கினு ஊர்கோலம் போறீங்க?" என்று ஒருவர் கேட்டார். "நம்ம மறியலுக்குச் சேந்துக்க வந்துக்கினு இருக்குதுங்கடா," என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அவருடைய கண்கள் வரிசையின் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒருமுறை போய் வந்தன.

அடிமரம் இரண்டாகப் பிரியும் இடத்தில் கீழே ஓர் இடுக்கு இருந்தது. பெரியவர்கள் நுழைய முடியாது. பிள்ளைகள் தவழ்ந்து போகலாம். வெறும் தட்டோடு ஒவ்வொருவராக நுழைந்து அந்தப் பக்கம் போனோம். வெறும் தட்டைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அங்கே வண்டி நின்றது. வண்டிக்காரர் மூட்டையைப் பிரித்து வைத்திருந்தார். அத்தை ஒவ்வொரு தட்டிலும் படியால் அரிசி கொட்டினாள். தட்டு கனத்தது. திரும்பி மரத்தடிக்கு வந்தபோதுதான், அரிசி நிறைந்த தட்டோடு தவழ முடியாது என்பது எனக்குத் தெரிந்தது. தவழ இரண்டு கையும் வேண்டும். தட்டைத் தரையில் தள்ளிக்கொண்டு போகலாமென்றால் ஒடிந்த கிளைகளும் சிம்புகளும் குறுக்கே இருந்தன.

நான் நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் முழு வரிசையும் நின்றது. இடுக்கின் வழியாக அம்மாவின் பாதங்களும் சேலைக் கரையும் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை. மேலே பார்த்தேன். மாமா மரத்தின் மேல் நின்றிருந்தார். வீட்டில் எட்டாத உறியிலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவேனோ அவரையே கூப்பிட்டேன்.

"புடிங்க மாமா."

மாமா குனிந்து தட்டை வாங்கிக்கொண்டார். அதில் யோசனைக்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை. நான் கை நீட்டினேன், அவர் கை நீட்டினார். நான் தவழ்ந்து இந்தப் பக்கம் வந்ததும் தட்டை என்னிடம் இறக்கிக் கொடுத்தார். அதில் ஒரு மணி குறையவில்லை. அம்மா என் தலையைத் தொட்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

அடுத்தது அஞ்சலை. அவளுடைய தட்டு மரத்துக்கு மேலே உயர்ந்தது. இந்தப் பக்கமிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தட்டின் கறுத்த விளிம்பும் அதைத் தாங்கிய பத்து விரல்களும்தான். மாமா கை நீட்டவில்லை. "யோவ் பங்காளி," என்று கட்டைக்குரல் கேட்டது. அவ்வளவுதான், வேறு சொல் இல்லை. எல்லோரும் மாமாவின் கையைப் பார்த்தார்கள். தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பிலிருந்து அரிசி மரப்பட்டையில் உதிர்ந்தது. எனக்கு மூத்திரம் வந்துவிடும் போலிருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா யாரையும் அதட்டவில்லை, யாரிடமும் கெஞ்சவில்லை. வரிசையில் அடுத்து நிற்பது யார் என்பது தனக்கு நன்றாகத் தெரியும் என்பதுபோல நின்றாள்.

"யப்பா!" என்று அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் மகன் கத்தினான். "கை வலிக்குதுப்பா! சீக்கிரம் வாங்குப்பா, அவ போனாத்தான் நான் போவணும்! கொட்டிடும்பா!"

மாமா அஞ்சலையின் தட்டை வாங்கினார். வாங்கி இந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டு, தன் மகனின் தட்டை வாங்கினார். அதற்கடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு. அவர் முகம் சிவந்திருந்தது. தலையை நிமிர்த்தாமலே, "சும்மா உக்காந்துக்கினு வேடிக்க பாக்குறீங்களே, வந்து புடிங்களேன்டா. கொட்டிச்சினா யாரு பொறுக்குறது?" என்று அதட்டினார். அந்த அதட்டலுக்காகவே காத்திருந்தவர்கள் போல இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். தன் பேத்தியின் தட்டு உயர்ந்தபோது கட்டைக்குரல்காரர் அதைத் தானே வாங்கினார். அதற்கு அடுத்த தட்டு வருவதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மதகுப் பக்கம் போய்விட்டார். மூட்டை எதுவும் மரத்தைத் தாண்டவில்லை. இரண்டு மூட்டைகளும் மூன்று நடையில் காலியாயின.

அன்று பொங்கல் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதன் ருசி நினைவில்லை. தட்டுகள் எந்த வரிசையில் நின்றனவோ அதே வரிசையில் உட்கார்ந்தோம். மாமாவின் மகன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அஞ்சலையின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். அவனை எழுப்பலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா விதிப்படி முதல் கவளத்தைச் சாப்பிட்டாள். அதன்பிறகு அவள் எதுவும் சாப்பிட்டதாக நான் பார்க்கவில்லை.

பிள்ளைகள் போனபின், பிற்பகலில் மாமா வந்தார். மகனைத் தேடி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவன் போய்விட்டான் என்று நான் சொன்ன பிறகும் அவர் போகவில்லை. கிணற்றடியில் அம்மாவும் சமையல்கார அத்தையும் பொங்கல் வைத்த அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து, எடுத்து வைத்திருந்த பொங்கலைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து நீட்டினாள். மாமா அதை வாங்கவில்லை. அம்மா கிண்ணத்தைத் துவைகல்லின் மேல் வைத்துவிட்டு மறுபடியும் அண்டாவின் முன்னால் உட்கார்ந்தாள். அத்தை ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டாள்.

மாமா கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். காய்ச்சல் விட்டவர் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார்.

"கோடாரியெல்லாம் அங்கதான்க்கா இருந்திச்சி. நான் ஒருத்தன் மட்டுமா இருந்தேன்? அவ்ளோ பேரு இருந்தாங்க. யாருக்கு எந்த நேரத்துல இன்னா புத்தி வரும்னு எனக்கே தெரியல."

அம்மா தேய்த்தாள்.

"தெரிஞ்சிதான உம் பொண்ண மொதல்ல நிறுத்தின, எம் புள்ளைய அந்தப் பொண்ணுக்குப் பின்னாடி நிறுத்தின. என்னிய நம்பி நிறுத்தினியா, நம்பாம நிறுத்தினியா? அத மட்டும் சொல்லு. நான் போயிடறேன்."

இவ்வளவு எளிய கேள்வியை மாமா ஏன் இப்படிக் கேட்கிறார் என்று எனக்கு வியப்பாக இருந்தது. "நம்பித்தான் மாமா," என்று நானே சொன்னேன். மாமா என்னைப் பார்த்தார். பார்வை என்மேல் இருந்தது. ஆனால் அவர் என் பதிலைக் கேட்கவில்லை, அம்மாவின் பதிலுக்குத்தான் காத்திருந்தார். அம்மா தலையை நிமிர்த்தவில்லை. அண்டாவின் அடியில் பிடித்திருந்த வெல்லக் கறையை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

தேய்க்கிற சத்தத்தில் அவளுக்குக் காதில் விழவில்லை போலும் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, அவள் காதோரம் வாயை வைத்து, மாமா கேட்டதை மாமாவின் சொற்களிலேயே, ஒரு சொல் விடாமல், உரக்க இன்னொரு முறை கேட்டேன்.